கரம்! ஜல்தி! பானி!

3.6.2008, செவ்வாய்

இந்த டைரியில் இன்று முதல் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை. இருந்தாலும் காலடிக் கரிசலின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்து ஆரம்பிக்கிறேன்.

இன்று காலை உலகத் தீப்பெட்டித் தொழிலின் சரித்திரம் திரும்பியது. திரும்பிய இடம் எங்கள் தீப்பெட்டி ஆபீசின் ஸ்டோர் ரூம். முதலாளி சுந்தரபாண்டியன் அங்கே வந்து என் முன்னால் நின்றார்.

“அண்ணாச்சி, ஒரிசாவுலருந்து பன்னெண்டு பயலுவ வாரானுவ. மிஷினுக்கு. ஒங்களுக்கு இந்தி தெரியும்லா?”

தெரியுமாவா? பம்பாயில் அத்தானின் இட்லிக் கடையில் மூன்று மாதம் பரிமாறியவன் நான். டீக்கடையில் சொல்லச் சொல்ல அது பதினைந்து வருஷமாக வளர்ந்து, கடைசியாக இந்தி நடிகைகளுக்கு உச்சரிப்புத் திருத்தியது வரை வந்து நிற்கிறது. அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் தீப்பெட்டியை வாங்கப் பார்க்கிறது. அதற்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு மேடத்தை அனுப்பி, இங்கே தீப்பிடித்தால் நாம் என்ன செய்வோம் என்று சோதிக்குமாம். மாதக் கடைசியில் வருகிறாள். நம் பெண்களும் புதுப் பையன்களும் சேர்ந்து தீயை அணைத்துக் காட்ட வேண்டும். பழக்குவது என் பொறுப்பு.

“பழகலன்னா பயலுவள ரயிலேத்தி அனுப்பிருவேன், அண்ணாச்சி. பாஷை தெரியாதவனத் தீப்பெட்டி ஆபீசுல வச்சுக்கிட்டு என்னால தூங்க முடியாது.”

ஆக, நான் பயிற்சி அதிகாரி. அக்கா மகள் பானு ஆபீசில்தான் டைப் அடிக்கிறாள். எனக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதச் சொன்னேன். ‘ஸ்டோர் ரூமுக்கு எதுக்கு மாமா பலகை? உள்ள இருக்குற பெருச்சாளிக்கா?’ என்கிறாள். பொறாமை.

5.6.2008, வியாழன்

வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் என்று சொன்னார்கள்; என் கண்ணுக்கு ஒரு பட்டாளம். தலைவன் போல முன்னால் நின்றவன் பெயர் நிரஞ்சன். நல்ல கறுப்பு, நம்மூர்ப் பையன் மாதிரியே. கொஞ்சம் இந்தி பேசுகிறான். அதுதான் ஆபத்து.

முதல் வகுப்பு. கரும்பலகை முன்னால் நின்று வாயைத் திறந்தேன். இந்தி வரவில்லை. பம்பாய் இந்தி முழுவதையும் தேடித் துழாவினேன். நாலே நாலு சொல் கிடைத்தது: கரம், ஜல்தி, பானி, பஸ். சூடு, சீக்கிரம், தண்ணீர், போதும். இட்லிக் கடையில் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

மேதை எவனும் இருப்பதை வைத்துத்தான் கட்டுவான். மிஷின் ஷெட்டைக் காட்டி, “கரம்!” என்று அலறினேன். பிறகு, “ஜல்தி! பானி!” என்று ஒரு வாளியைத் தூக்கி ஓடிக் காட்டினேன். அணைந்த மாதிரி மூச்சுவிட்டு, “பஸ்!” என்றேன்.

பன்னிரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது! எழுந்து நின்று ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். கயத்தாறு ரோட்டில் போன லாரிகள் எல்லாம் பிரேக் போட்டன.

6.6.2008, வெள்ளி

பையன்கள் எல்லோரும் என்னை ‘மாமா’ என்கிறார்கள். பானுவைப் பார்த்துப் படித்திருப்பார்கள்.

9.6.2008, திங்கள்

பாலம்மாள் ஒரு புகாரோடு வந்தாள். பெட்டி அடைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. முதலாளிக்கே அவளிடம் பேசும்போது குரல் இறங்கும்.

“அண்ணாச்சி, ஒங்க பயலுவ ஒரு நாளைக்கு எத்தன தடவ குளிக்கானுவன்னு தெரியுமா? காலைல, மத்தியானம், பொழுது சாய. நமக்கு வீட்டுக் கொழாயில பத்து நாளைக்கு ஒருக்க தண்ணி எட்டிப் பாக்குது. இவனுவ என்ன, எருமையா?”

ஆற்றங்கரைப் பிள்ளைகள் என்றேன். “அப்போ ஆத்தையும் கையோட கூட்டிட்டு வரச் சொல்லுங்க” என்று போய்விட்டாள்.

10.6.2008, செவ்வாய்

முதல் ஒத்திகை.

பின்பக்கத் திடலில் பருத்திமார், அதாவது காய்ந்த பருத்திக் குச்சிகள், குவித்துத் தீ வைத்தேன். இருபது வாளித் தண்ணீர் வரிசையாகத் தயார். மணியை அடித்தேன்.

பாலம்மாள் தலைமையில் பெண்கள் பாய்ந்தார்கள். ஆகா, என்ன வேகம்! ஆளுக்கொரு வாளியைத் தூக்கினார்கள். தீயை நோக்கி ஓடினார்கள். தீயைத் தாண்டியும் ஓடினார்கள். வேப்பமரத்தடியில் வாளிகளை இறக்கி வைத்து, தூசி விழாமல் முந்தானையால் மூடிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

“ஒரு சொட்டு சிந்தல, அண்ணாச்சி. பூராவும் காப்பாத்தியாச்சு!”

“தீ?”

“அது எரிஞ்சா தானா அமந்துரும். தண்ணி தானா வருமா?”

அதற்குள் “கரம்! ஜல்தி! பானி!” என்று முழங்கியபடி ஒரிசாப் படை மிச்ச வாளிகளைத் தூக்கி அத்தனையையும் கொட்டிவிட்டது. தீ எப்போதோ அணைந்துவிட்டது. சாம்பல் மிதந்தது. நான் “பஸ்! பஸ்!” என்று கத்தியது எவன் காதிலும் விழவில்லை.

பெட்டி அடைக்கும் வெள்ளைத்தாய்க்குக் கண்ணீரே வந்துவிட்டது. “ஏலே பாவிகளா! எம் பிள்ளைய ஒரு வாரம் குளிப்பாட்டுவனேலே இதுல!” நிரஞ்சன் பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டான். அவள் விளக்குமாற்றைத் தேடிப் போனாள்.

11.6.2008, புதன்

தண்ணீரைக் கொட்டுகிறவர்களோடு வேலை செய்யமாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “மாசக் கடைசி வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒத்து வரலன்னா டிக்கெட் போட்டுருவேன்” என்றார்.

சாயங்காலம் நிரஞ்சனிடம் எப்படியோ விளக்கினேன். ஊருக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கையை முதலில் முழங்காலில் வைத்தான். பிறகு இடுப்பில். பிறகு கழுத்தில். பிறகு தலைக்கு மேல். “பானி” என்றான். பிறகு தரையில் நெல் நடுகிற மாதிரி செய்து காட்டி, இரண்டு கையையும் விரித்தான். ஒன்றும் இல்லை.

என்னத்தச் சொல்ல? தண்ணிக்குப் பயந்து ஓடியாந்தவன், தண்ணிய சிந்திட்டான்னு தொரத்தப் பாக்கோம். இவனுக்கு எப்படிப் புரியும் அவ கோவம்? அவளுக்கு எப்படிப் புரியும் இவன் கை? நான் என்ன பாடம் நடத்துனேன் — இட்லிக் கடைப் பாடம். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே சாம்பார ஊத்திட்டேன்.

14.6.2008, சனி

ராத்திரி முழுக்க யோசித்து உலகமே வியக்கும் யோசனையோடு போனேன். தண்ணீரே வேண்டாம். மண்! கரிசலில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மண்ணுக்கு வருமா? வாளிகளில் மண்ணை நிரப்பி, “தீ மேல அள்ளி வீசுங்க” என்றேன்.

பெண்கள் அத்தனை பேரும் பின்வாங்கினார்கள்.

“என்ன அண்ணாச்சி பேசுதீங்க? சம்பளம் குடுக்குற எடத்துல மண்ண வாரித் தூத்தச் சொல்லுதீங்க? மொதலாளி குடும்பம் வெளங்குமா?” என்றாள் பாலம்மாள்.

அதைக் கேட்டுக்கொண்டே வந்த முதலாளி, வாளி மண்ணைத் திடலோரத்தில் கொட்டச் சொல்லி, தன் கையாலேயே சூடம் ஏற்றினார். நல்ல வேளை, அந்தத் தீயை யாரும் அணைக்க வரவில்லை.

பையன்களுக்கு ஒரு எழவும் புரியவில்லை. சூடத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

16.6.2008, திங்கள்

வந்தது விடிவு! நானே கண்டுபிடித்தேன் என்று எழுதிவைக்கிறேன். டைரி என்னுடையது.

மத்தியானம் பையன்கள் ஆபீஸ் தண்ணீர்த் தொட்டியடியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு நுரை வாய்க்காலாக ஓடியது. பாலம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “இவனுவ குளிச்சு ஊத்துற தண்ணில விளாத்திகுளமே பத்திக்கிட்டாலும் அமத்திரலாம்” என்றாள்.

நான் எழுந்து நின்றேன். “பாலம்மா, அந்தத் தண்ணின்னா தீயில ஊத்துவியா?”

“அழுக்குத் தண்ணியா? தாராளமா ஊத்துவேன். நீங்க நின்னா ஒங்க தலையிலயும் ஊத்துவேன்.”

சாயங்காலமே தொட்டியடிக்குச் சிமெண்டு பூசி, ஓரத்தில் ஒரு டிரம் புதைத்தாயிற்று. இனி குளித்த தண்ணீர் முழுவதும் டிரம்முக்கு, டிரம்மிலிருந்து வாளிக்கு. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளியல் இனிமேல் கம்பெனி டூட்டி. பையன்களிடம் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நிரஞ்சன் நாலாவது குளியலுக்கு ஓவர்டைம் உண்டா என்று கேட்டான். எங்கள் ஊர்க் காற்று ஏறிவிட்டது.

20.6.2008, வெள்ளி

ஒத்திகை பிரமாதம். பெண்கள் ஊற்றினார்கள், பையன்கள் ஊற்றினார்கள். சந்தன சோப்பு வாசனையில் சாம்பலே மணத்தது. வெள்ளைத்தாய் ஒரியாவில் ஏதோ சொல்லி நிரஞ்சனை வைகிறாள். அவனே கற்றுக்கொடுத்தானாம்.

24.6.2008, செவ்வாய்

பாலம்மாள் ஒரு பையனைப் பிடித்து, “ஏலே, இன்னைக்கு வாளி நெறையல. போயிக் குளி!” என்று விரட்டுகிறாள். இந்தக் காட்சியைக் காணவா நான் இத்தனை காலம் உயிரோடு இருந்தேன்?

27.6.2008, வெள்ளி

மேடம் வந்தாள். மூக்குக் கண்ணாடி, கையில் பேனா, சிரிப்பு கிடையாது.

வாளிகளைக் குனிந்து பார்த்தாள். நுரை ததும்பியது. “தீயணைக்கிற ஃபோமா?” என்றாள். பானு என் காலை மிதிப்பதற்குள், “ஆமாம் மேடம், சொந்தத் தயாரிப்பு” என்றேன். எழுதிக்கொண்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். என்னால் எதையாவது சிறியதாகச் செய்ய முடியுமா? மேடத்தின் கண்ணுக்குத் தீ எடுப்பாக இருக்க வேண்டும் என்று பருத்திமாரை ஆள் உயரத்துக்குக் குவித்து, யாரும் பார்க்காதபோது சீமெண்ணெயும் தெளித்துவைத்திருந்தேன். மணி அடித்தது. தீ எழுந்தது பாருங்கள்! கழுகுமலைக் கோயிலில் கார்த்திகை தீபம் என்று நினைத்து யாராவது கும்பிட்டிருப்பார்கள்.

எல்லோரும் ஊற்றினார்கள். வாளிகள் தீர்ந்தன. டிரம்மும் தீர்ந்தது. தீ முக்கால்வாசி அடங்கியபோது காற்று ஒரு சுழற்று சுழற்றியது. முன்னால் நின்ற நிரஞ்சனின் சட்டை முதுகில் பொறி விழுந்து பற்றிக்கொண்டது. அவனுக்குத் தெரியவில்லை. “பஸ்! பஸ்!” என்று சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறான். எனக்கு நாலு சொல்லும் மறந்துபோச்சு. கால் நகரல.

சுவரோரமாக ஒரு குடம் இருந்தது. பாலம்மாளின் குடிதண்ணீர். தெருக்குழாயில் அதிகாலையில் வரிசையில் நின்று பிடித்து, வீட்டில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவிடுவாள் என்று வேலைக்கு இடுப்பிலேயே தூக்கிவந்தது. அவள் யோசிக்கவே இல்லை. அப்படியே தூக்கி அவன் முதுகில் கவிழ்த்தாள்.

சட்டை போச்சு. முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு, அவ்வளவுதான்.

நிரஞ்சன் திரும்பினான். காலடியில் பெருகிய நல்ல தண்ணீரைப் பார்த்தான், காலிக் குடத்தைப் பார்த்தான். சட்டென்று உட்கார்ந்து, தேங்கி நின்றதைக் கையால் கூட்டிக் கூட்டிக் குடத்துக்குள் அள்ளத் தொடங்கினான். பாதி சேறு.

“விடுலே” என்றாள் பாலம்மாள். “போனது போகட்டும். எந்திரி.” பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னதை எழுத இந்த டைரிக்குத் தெம்பு கிடையாது.

28.6.2008, சனி

ஆர்டர் கிடைத்தது. டிக்கெட் யாருக்கும் போடவில்லை. வாசனை பிடித்துவிட்ட மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: பயிற்சி அதிகாரி சீமெண்ணெய் பக்கம் போகக்கூடாது. பானு அதை டைப் அடித்து ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டிவிட்டாள். ஆக, பலகை வந்துவிட்டது.

19.7.2008, சனி

காலையில் பாலம்மாள் தெரு வழியாகப் போனேன். குழாயடியில் சண்டை. கூட்டத்தின் நடுவில் அவளுடைய குடத்தை அணைத்துக்கொண்டு நிரஞ்சன். யாரோ ஒருத்தி வரிசைக்குள் புகப் பார்க்கிறாள். அவன் சீறினான்:

“ஏட்டி, பொறவாட்டி போ! நான் நாலு மணிக்கே வந்தாச்சு!”

அவள் பின்னால் நகர்ந்தாள். நானும்தான். இது என் பாடத்தில் இல்லை. குடம் நிறைந்ததும் ஒரு சொட்டு தளும்பாமல் தலையில் தூக்கிக்கொண்டு போனான். இப்போது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் குளிக்கிறானாம். டிரம் நிறையவில்லை என்று முதலாளி கவலைப்படுகிறார்.

டீக்கடையில் இதையெல்லாம் விரித்துச் சொன்னேன். தீ பனைமர உயரம் என்றேன், மேடத்தை இங்கிலாந்து ராணியின் பெரியம்மா மகள் என்றேன். சிரித்தார்கள், ஒருத்தனும் நம்பவில்லை. நம்பவேண்டாம். பருத்திமார் என் இடுப்பளவுதான். லாரி எதுவும் பிரேக் போடவில்லை. பயல்களும் பன்னிரண்டு இல்லை, ஏழு பேர்.

பாலம்மாள் குடத்தைக் கவிழ்த்தது மட்டும் நிஜம்.