எதிரே நின்ற துணை

ஜூன் 3, திங்கள்

ஆயரம்மா இன்று கடைக்கே வந்துவிட்டார்கள். ஆலயத்துக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்தார்கள் என்று நினைத்தேன். துணிகளைத் தடவிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், பிறகு சாவகாசமாக, "அடுத்த மாசம் பெண்கள் கூட்டத்துல நீதான் பேசுற" என்றார்கள். கோத்துக்கொண்டிருந்த நூல் ஊசியிலிருந்து நழுவியது.

தலைப்பு 'ஏற்ற துணை'. ஆதாமுக்காக ஆண்டவர் ஏவாளை உண்டாக்கிய இடம். கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்டதுதான். பெண் உதவியாக இருக்கவேண்டும், அனுசரித்துப் போகவேண்டும், முந்திக்கொண்டு நடக்கக்கூடாது. எனக்கே மனப்பாடம். சீக்கிரம் முடித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்தால் இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறக்கம், கையில் டீ டம்ளர். வாங்கி வைத்தேன், அதுகூட அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பள்ளிக்கு விடுமுறை, அடுத்த வாரம்தான் திறக்கிறார்கள். ஓய்வெடுக்க எடுக்கக் களைப்பு ஏறுகிற மனிதரை இவரிடம்தான் பார்க்கிறேன்.

ஜூன் 8, சனி

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்று எழுந்து உட்கார்ந்தேன்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனோம். இவருடைய பஸ்ஸையே கேட்டு வாங்கியிருந்தார்கள், ஓட்டியதும் இவர்தான். நான் அவருக்குப் பின்னாலேயே முதல் இருக்கையில். போகும்போது ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். "என்னங்க" என்றதும் எடுத்தார். "சின்னதா ஒரு ஜெபம்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான்.

திரும்பி வரும்போது நேர் சாலை. பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் ஆள் அங்கே இல்லை. அப்புறம் இமையும் மூடியது. பஸ் மெல்ல, ரொம்ப மெல்ல, நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே லாரி. எழுந்து அவர் தோளில் ஓங்கி அடித்தேன். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். லாரிக்காரர் திட்டிக்கொண்டே போனது காதில் விழுந்தது. பிள்ளைகளுக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். "இன்னொரு தடவை அங்கிள்" என்று கத்தினார்கள்.

இன்னொரு தடவை.

வீட்டுக் கதவைச் சாத்தியதும், "யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றார். "வெயில், அதான்."

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. திணறித் திணறி முழிக்கிறீங்க. எத்தனை மாசமா சொல்றேன், ஒரு டாக்டர பாருங்கன்னு."

"கொறட்டை விடாத ஆம்பளை யாரு? இத வெளிய சொன்னா என்னைத் தூக்கிருவாங்க. இந்த வயசுல எவன் எனக்கு வண்டி குடுப்பான்? நீ எனக்குத் துணையா இருப்பியா, மாட்டியா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

ஜூன் 9, ஞாயிறு

அவருடைய அக்காவிடம் சொன்னேன். அண்ணி சொன்னால் கேட்பார் என்ற நம்பிக்கை. ஆராதனை முடிந்து, செருப்பு கழற்றிப் போட்ட இடத்திலேயே நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"மறைக்கிறத மறைக்கணும்மா. துணைன்னா தாங்கிப் பிடிக்கிறது. தள்ளி விடறது இல்ல."

"பஸ் நிறையப் பிள்ளைங்க அண்ணி."

"ஒண்ணும் ஆகலையே?"

ஆகவில்லைதான். வியாழக்கிழமை பள்ளி திறக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

பேச்சுக்குக் குறிப்பு எடுக்கலாம் என்று ஆலயத்து அலமாரியிலிருந்து பெரிய விளக்க வேதாகமத்தைத் தூக்கி வந்தேன். மனசு வேறெங்கோ இருந்தது. சும்மா புரட்டினேன்.

அந்தத் 'துணை' என்ற சொல் மூலமொழியில் வேறெங்கெல்லாம் வருகிறது என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வேலைக்காரிக்கு வரவில்லை. கையாளுக்கு வரவில்லை. பெரும்பாலும் ஆண்டவருக்கே வருகிறது. சங்கீதத்தில் 'ஒத்தாசை' என்று எத்தனை முறை பாடியிருக்கிறேன், அதுவும் இதே சொல்தானாம். மோசே தன் மகனுக்கு எலியேசர் என்று பெயர் வைத்தானே, பார்வோனின் வாளுக்குத் தப்பினதை நினைத்து, அந்தப் பெயருக்குள்ளும் இந்தச் சொல்தான் இருக்கிறது. சாகக் கிடக்கிறவனைக் காப்பாற்ற வருகிற உதவி.

அப்படியானால் இத்தனை கல்யாணங்களில் நான் கேட்டது என்ன?

'ஏற்ற' என்பதற்கும் ஒரு குறிப்பு. 'அவனுக்கு எதிரே, நேருக்கு நேராக' என்று. சந்தேகமாக இருந்தது. ஆயரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமாம்மா, சரிதான். எதிரேன்னா சண்டைக்கு நிக்கறது இல்ல. முகத்துக்கு முகம் நிக்கறது. பின்னாடி நின்னா அவன் முகம் எப்படித் தெரியும்?" என்றார்கள். பிறகு, "ஏன் உன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்கள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஜூன் 12, புதன்

சாயங்காலம், அவர் விழித்திருக்கும் நேரம் பார்த்து, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக்கூடாது. டாக்டர பார்த்துட்டு வரேன்னு மேற்பார்வையாளர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன். உங்களுக்குத் தெரியாம செய்யமாட்டேன். அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

"நீ சொல்லமாட்ட. எனக்குத் தெரியாதா உன்ன" என்று எழுந்து, சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டார்.

ஆண்டவரே, அவர் வாயாலேயே சொல்ல வையும்.

ஜூன் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அவர் குளிக்கும்போதே கிளம்பிவிட்டேன். மேற்பார்வையாளர் பஸ் கொட்டகையில் குனிந்து டயர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச நிமிர்ந்தார். கடைசியில், "வீட்ல பிரச்சினை வருமேம்மா" என்றார். "வரட்டும்" என்றேன்.

இவர் தேய்த்த சட்டையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சாவிய வச்சுட்டுப் போங்க. டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க, உங்க வண்டி உங்களுக்குத்தான்" என்றார் மேற்பார்வையாளர். இவர் சாவியை மேசையில் வைத்தார். சத்தமில்லாமல்தான். எறிந்திருந்தால் தேவலை.

ஆளுக்கொரு ஓரமாக நடந்து வீடு வந்தோம். அவருடைய பஸ் வேறொருவர் கையில் எங்களைத் தாண்டிப் போனது. சன்னல் நிறையப் பிள்ளைகள். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பசி. சனிக்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து ரொட்டியை நின்றபடியே தின்றேன்.

ஜூன் 14, வெள்ளி

பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட எட்டி எடுத்துக்கொள்கிறார்.

ஜூன் 17, திங்கள்

அண்ணி போனில், "உன் கையாலயே அவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்ட" என்றார்கள். அரைநாள் அது காதிலேயே இருந்தது. கடையில் ஒரு சன்னல் சீலையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன், பூவெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு. முதலாளியம்மா திட்டவில்லை. "வீட்டுக்குப் போ" என்றார்கள்.

செய்தது தப்பா? தப்பென்று சொல்ல மனசு வரவில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் வேறு வேறு.

ஜூன் 19, புதன்

தானாகவே டாக்டரிடம் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

டாக்டர் இளம் பெண். இவரிடம் கேட்டதை விட என்னிடம் கேட்டதுதான் அதிகம். மூச்சு நிற்குமா, எவ்வளவு நேரம், எப்படித் திரும்ப வரும் என்று. தூங்கும்போது தனக்கு என்ன நடக்கிறது என்று இவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லச் சொல்ல இவர் என் பக்கம் திரும்பி, முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "அவ்வளவு நேரமா நிக்குது?" என்றார். ஆறு நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"சில நாள் நான் மூக்குகிட்ட கை வச்சுப் பார்ப்பேன்" என்றேன்.

சாலையைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 27, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி எடுத்த பரிசோதனைக்கு முடிவு வந்துவிட்டது. தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்றுபோகிற வியாதி. உடம்பு தூங்குவதே இல்லையாம், அதனால்தான் பகலெல்லாம் சொக்குகிறதாம். "இப்படியே விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காது. பஸ்ஸும் தாங்கியிருக்காது. நல்ல வேளையா வந்தீங்க" என்றார் டாக்டர்.

தீர்வு உண்டாம். காற்றை மூக்குக்குள் தள்ளுகிற ஒரு மெஷின், முகத்தில் மாட்ட ஒரு மாஸ்க். தீர்வு உண்டு என்ற அந்தச் சொல்லுக்கு அப்புறம் டாக்டர் பேசிய எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் மாஸ்க்கை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து, "யானைக்குப் பொறந்தவன் மாதிரி இருக்கேன்" என்றார். சிரித்துச் சிரித்துக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 29, சனி

நான் எழுந்தபோது அவர் எனக்கு முன்னாலேயே எழுந்து சன்னல் பக்கம் நின்றிருந்தார். முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது, கழுவவில்லையாம்.

"தூக்கம்னா இப்படி இருக்குமா? எனக்கு மறந்தே போச்சு" என்றார்.

"கோபம் போச்சா?"

"கோபப்படவே தெம்பில்ல எனக்கு. ஏதோ ஒப்புக்குப் பட்டேன்." சன்னலைப் பார்த்தபடியே, "அந்த லாரிய நானும் பார்த்தேன். நீ அடிச்சதுக்கு அப்புறம்தான் பார்த்தேன்" என்றார்.

டீ போட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். டீ ஆறிப்போனது.

ஜூலை 6, சனி

கூட்டம் முடிந்தது. போவதற்கு முன்னால், "நம்ம விஷயத்தச் சொல்லலாமா?" என்று இவரிடம் கேட்டேன். "பேர் சொல்லாம சொல்லு." "எல்லாருக்கும் தெரியுமே." "அப்போ நல்லவிதமா சொல்லு."

அந்தச் சொல் ஆண்டவருக்கே வருகிற சொல் என்றேன். ஆண்டவர் நமக்குத் துணையென்றால் நாம் நினைப்பதற்கெல்லாம் தலையாட்டுகிறாரா, இல்லையே என்றேன். ஏவாளை ஆதாமின் முதுகுக்குப் பின்னால் வைக்கவில்லை, முகத்துக்கு நேரே வைத்தார் என்றேன். குறிப்புச் சீட்டை மடித்து வைத்தேன். மீதியைச் சொல்லாமலேயே பஸ் கதைக்குப் போய்விட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

அண்ணி கடைசி வரிசையில் இருந்தார்கள். எல்லாரும் கலைந்த பிறகு வந்து, "அன்னைக்கு நான் போன்ல..." என்று ஆரம்பித்தார்கள். முடிக்கவில்லை. என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார்கள். எனக்கு அது போதும்.

ஜூலை 22, திங்கள்

டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். இன்றுமுதல் வண்டி அவர் கையில். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. கடையில் ஒரு பெரிய மண்டபத்துக்கான சீலை, மடிப்பு பிடித்தே பொழுது போய்விட்டது. மத்தியானம் வரை அவரை நினைக்கவே இல்லை. எத்தனை காலமாயிற்று இப்படி ஒரு பகல் கிடைத்து.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தாள். வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறாராம். டிரைவர்கள் டீ குடிக்கிற இடத்தில் இவரோடு பழக்கமாம்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரும் உக்காந்த எடத்துல தூங்கறாரு. கேட்டா சண்டை. உங்க வீட்டுக்காரர்தான் நம்பர் குடுத்தாரு. 'என் பொண்டாட்டி என்னை மாட்டி விட்டா, அதனாலதான் உயிரோட இருக்கேன், அவகிட்ட பேசும்மா'ன்னு சொன்னாரு."

இவர் எதிர் நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். ரொம்ப நேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லை.

நாளை சாயங்காலம் அவளைக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.