கோடித்துணி வாசத்தில் தூங்கிப்போனவள்

தம்பி,

இன்று காலை எங்கள் ஷெட்டில் புதுத் துணி பேல் ஒன்றைப் பிரித்தார்கள். வெளுத்த பேண்டேஜ் துணி. கட்டை அறுத்ததும் அந்தக் கஞ்சி வாசம் குப்பென்று அடித்தது. நான் கத்தரியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். "என்னக்கா, தூசி ஒத்துக்கலையா?" என்று ரோல் சுற்றும் பிள்ளைகள் கேட்டார்கள். கல்யாணமாகி ராஜபாளையம் வந்த நாளிலிருந்து இந்தத் துணியோடு கிடக்கிறவளுக்கு இன்றைக்குத்தான் தூசி ஒத்துக்கொள்ளாமல் போகுமா? ஆமாம் என்று சொல்லி வைத்தேன். வெட்கத்துக்குத் தூசி என்று பெயர் வைத்துச் சமாளிக்கிறேன்.

நீங்கள் போன நாளிலிருந்து பேல் பிரிக்கும்போதெல்லாம் இதே கூத்துதான். தூக்கத்தை அந்த வாசத்தோடு முடிந்து என் கையில் கொடுத்தவர் நீங்கள். அதை நான் எங்கே அவிழ்த்தேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

தூக்கமில்லை என்று வெளியே சொல்லவே எனக்குக் கூச்சம். முட்டுவலி என்றால் நாலு பேர் பரிதாபப்படுவார்கள். தூக்கம் வரவில்லை என்றால், அப்படி என்ன பாவம் பண்ணினாளோ என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் தலையணையைப் பார்த்தாலே குறட்டை விடுகிற ஆள். நான் பக்கத்தில் கிடந்து புரளுவேன். கேட்டைப் பூட்டினோமா, மோட்டாரை அணைத்தோமா, நாளைக்குப் போக வேண்டிய சரக்கைக் கட்டியாயிற்றா? மாத்திரை போட்டால் மறுநாள் பூராவும் மண்டை கனத்தது. ஒருநாள் துணி வெட்டுகிற மிஷினில் விரலைக் கொடுக்கப் பார்த்தேன். மாத்திரை எழுதிய டாக்டரே பயந்துபோய், "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒருத்தர் ஹிப்னோதெரபி பண்றாரு, போய்ப் பாருங்கம்மா" என்றார்.

ஹிப்னாடிசமா! கண்ணுக்கு முன்னால் சங்கிலியை ஆட்டி ஆளை மயக்குவார்களே, அதுவா? ஊருக்குத் தெரிந்தால் என் மானம் என்ன ஆவது? ஷெட்டில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிறவள் நான். ஆண்டாளுக்கு வேண்டுதல் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே கோயிலுக்கும் போக வேண்டியதாயிற்று. தலையில் துளசியோடு வந்து உட்கார்ந்தவளைப் பார்த்து, "அக்கா, ஆண்டாள் மொதல்ல, நான் பொறவா?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிபட்டுவிட்டோமே என்றிருந்தது.

மெடிக்கல் ஷாப்புக்கு மேலே உங்கள் அறை. சங்கிலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அரைக்கைச் சட்டை, ஒல்லியான உடம்பு, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். சாய்வு நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தெரியும், நீங்கள்தான் பார்த்தீர்களே. மயக்கத்தில் பிடுங்கிக்கொள்வீர்களோ என்று கைப்பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். நீங்கள் முகம் மாறாமல், "பை மடியிலேயே இருக்கட்டும்க்கா. அப்பத்தான் உங்களுக்கு நிம்மதி" என்றீர்கள். பீரோச் சாவி இருக்குமிடத்தை வாய் உளறிவிடுமோ என்றும் கேட்டேன். "சொல்லக் கூடாதத உங்க வாய் சொல்லாது. நான் டாக்டர் இல்லக்கா, மந்திரவாதியும் இல்ல. உங்க மனசு கேக்குற மாதிரி பேசத் தெரிஞ்ச ஆளு, அம்புட்டுத்தான்."

ஆனால் என் மனசு லேசில் கேட்கிற மனசா? கண்ணை மூடி ஓர் ஓடையை நினைக்கச் சொன்னீர்கள். "தண்ணி ஓடுனா டேங்க் நெறஞ்சிருச்சோன்னுதான் தம்பி தோணுது" என்றேன். தோட்டம் என்றீர்கள். களை தெரிந்தது. அன்றைக்குத்தான் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். சிரித்து ஓய்ந்து, "சரிக்கா, உங்களுக்குப் பிடிச்ச வாசம் ஒண்ணு சொல்லுங்க" என்றீர்கள். மல்லிகை, சந்தனம் என்று ஏதாவது கௌரவமாகச் சொல்லியிருக்கலாம். புதுத்துணிக் கஞ்சி வாசம் என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த முறை வரும்போது ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னீர்கள்.

அந்தத் துண்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். "வெள்ளைத் துணி ரோல் ஒண்ணு உங்க கையிலருந்து நழுவி விழுது. விழட்டும். அது பாட்டுக்கு உருண்டு பிரிஞ்சு போய்க்கிட்டே இருக்கு. நீங்க ஓடிப் பிடிக்க வேணாம். எங்கயாச்சும் சத்தம் கேக்கும். கேக்குற சத்தம் எதுவும் உங்களக் கூப்பிடல."

அதற்குமேல் எனக்கு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது கடைவாயில் எச்சில் வழிந்திருந்தது. "ஹிப்னாடிசம்னா தூக்கமில்லக்கா. என் பேச்சு உங்க காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும். நீங்க நெசமாவே தூங்கிட்டீங்க!" என்றீர்கள். எத்தனையோ முறை வந்தேன். ஒரு முறைகூட நீங்கள் முடிக்கும்வரை நான் முழித்திருந்ததில்லை. உங்கள் குரலை போனில் பதிந்து தரக் கேட்டபோது மாட்டேன் என்றீர்கள். "நான் இல்லாம தூங்கப் பழகுங்க. துணியத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு நீங்களே சொல்லிப் பாருங்க." சொல்லிப் பார்த்தேன். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. பிறகு வர ஆரம்பித்தது. காலையில் எங்கள் வீட்டுக்காரர் என்னை எழுப்ப வேண்டியிருந்தது. ஆண்டாள் கண் திறந்துவிட்டாள் என்று வீட்டில் ஒரே சந்தோஷம்.

பிறகு ஒருநாள், அடுத்து எப்போது வரலாம் என்று கேட்கத்தான் போன் போட்டேன். யாரோ எடுத்து, நெஞ்சுவலியில் போய்விட்டார் என்றார்கள். விடியும் வரை பொட்டுக் கண் மூடவில்லை. காலையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஐஸ் பெட்டியில் உங்களைப் பார்க்கத் தைரியமில்லாமல், பெண்கள் கூட்டத்தின் பின்னால் சுவரோரம் உட்கார்ந்தேன். என் கெட்ட நேரம், வருகிறவர்கள் கொண்டுவந்த கோடித்துணியை எல்லாம் அந்த மூலையில்தான் குவித்து வைத்திருந்தார்கள். புது வேட்டி, புதுத் துண்டு, எல்லாம் கஞ்சி மொடமொடப்பு. உடம்போ அசந்து கிடந்தது. வெளியே கொட்டுச் சத்தம், உள்ளே ஒப்பாரி. கேட்கிற சத்தம் எதுவும் என்னைக் கூப்பிடவில்லை.

பாதத்தில் ஈரம் பட்டு விழித்தேன். வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி இல்லை. நீங்கள் இல்லை. கூட்டமும் இல்லை. என்னைச் சுற்றி மட்டும் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தார்கள். விளக்குமாறும் கையுமாக நின்ற பெண், "எடுத்துட்டுப் போயே நேரமாச்சு. என்னா குறட்டை! எழுப்ப வேணாம்னு அந்தப் புள்ளதான் சொல்லுச்சு" என்று உங்கள் மனைவி இருந்த அறையைக் காட்டினாள். அடிப்பாவி, உனக்கு இங்கேயா தூக்கம் வர வேண்டும் என்று என்னையே வைதுகொண்டேன். எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. ஓரம் நனைந்த சேலையோடு தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். உங்கள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை, தம்பி.

காரியத்துக்கு வரவில்லை. வந்த கூட்டத்தில் யாராவது ஒருத்தி, இவதாண்டி அது என்று கை காட்டிவிட்டால்? தலைமாட்டில் இருந்த துண்டைத் தூக்கிப் போட்டேன். அந்த வாசம் வந்தாலே கழுவிவிட்ட தரைதான் கண்ணுக்குள் வந்தது. தூக்கம் பழையபடி கண்ணாமூச்சி காட்ட ஆரம்பித்தது. இந்த நிலைமையில்தான் போன வாரம் உங்கள் போனிலிருந்து உங்கள் மனைவி கூப்பிட்டார். "அக்கா, ஒரு நடை வீட்டுக்கு வாரீங்களா?"

வையத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். வைதால் வாங்கிக்கொள்வோம் என்று கிளம்பினேன். "கோயிலுக்கா?" என்றார் வீட்டுக்காரர். இந்த முறை பொய் வாயில் வரவில்லை. "இல்ல. எனக்குத் தூங்கச் சொல்லிக் குடுத்த தம்பி வீட்டுக்கு" என்றேன்.

"அப்ப இம்புட்டு நாளும் கோயிலுக்குன்னு போனது?"

"கோயிலுக்கும் போனேன்" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினேன்.

உங்கள் மனைவி கறுத்து, வற்றிப்போயிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவிய வேலைய நான் ஒருநாளும் பாத்ததில்லக்கா. கதவச் சாத்திக்கிட்டுத்தானே செய்வாவ. தூங்க வைக்க ஒரு படிப்பான்னு எங்க அத்தை கேலி பண்ணுவாவ. நானுங்கூடச் சிரிச்சிருக்கேன். துணி வாசத்துல தூங்கிப்போற ராஜபாளையத்து அக்கான்னு உங்களப் பத்திச் சொல்லிருக்காவ. அன்னைக்கு எல்லாரும் மாரடிச்சு அழுறாவ, நீங்க கோடித்துணியில சாஞ்சு புள்ள மாதிரி தூங்குறீங்க. அப்பத்தான் தெரிஞ்சது அவிய என்ன செஞ்சாவன்னு. அதான் எழுப்ப வேணாம்னேன்."

எனக்குத் தலை நிமிரவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"எனக்குத் தூக்கமே இல்லக்கா" என்றார் பிறகு. "அவிய உங்ககிட்ட என்ன சொல்வாவ? எனக்குச் சொல்லுங்களேன்."

என் குரல் உங்களுக்குத் தெரியும். அதட்டி அதட்டித் தகரமாகிப்போன குரல். அதை வைத்துக்கொண்டு உங்கள் பேச்சை எப்படிச் சொல்ல? மத்தியான வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் படுத்துக்கொண்டார். தலைமாட்டில் உங்கள் சட்டை ஒன்று. நான் ஆரம்பித்தேன். ரோல் நழுவுது. விழட்டும். உருண்டு போகுது. ஓடிப் பிடிக்க வேணாம். கேக்குற சத்தம் எதுவும் உங்களக் கூப்பிடல. அதோடு நின்றுவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "பொறவு? துணி எங்கக்கா போய் நிக்கும்?"

"தெரியலம்மா. நான் ஒரு தடவகூட அதுவரைக்கும் முழிச்சிருந்ததில்ல."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பிலிருந்தே அழுகை வந்தது. நெடுநேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லருந்து சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். திரும்பவும் சொன்னேன். எந்தத் தடவையில் தூங்கினார் என்று நான் கவனிக்கவில்லை. மூச்சு மாறியிருந்தது. சாப்பிடக் கூப்பிட உங்கள் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்து அவர்கள் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும், "எழுப்பாதீங்கம்மா" என்றேன். அவர்கள் மகன் பெயரைச் சொல்லி வாயைப் பொத்திக்கொண்டு கதவோரமே உட்கார்ந்துவிட்டார்கள்.

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார் உங்கள் மனைவி. காலையில் வாசலிலிருந்து திரும்பி வந்து, புது பேலிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்திருக்கிறேன். அவருக்கு உங்கள் சட்டை இருக்கிறது, இது எனக்காகத்தான். உங்கள் பேச்சில் பாதிதான் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு அவர் தூங்கத் தூங்க, நான் முழித்தே இருந்தேன். துணி போய் நிற்கும் இடத்தை நீங்கள் சொல்லியிருக்கக்கூடிய நேரம்வரை முதல் தடவையாக முழித்திருந்தேன், தம்பி. சொல்லத்தான் நீங்கள் இல்லை.