பயிற்சிக்கு அழுத அழுகை

அம்மா,

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதே அந்த வாடை வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மூக்கில் ஊற்றினாற்போல எரிச்சல். அப்பா வேலை செய்யும் கம்பெனிப் பக்கமிருந்துதான் காற்று வீசியது. அவருக்கு முதல் ஷிப்டு. போன் அணைந்திருக்கிறது. தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடிவந்தேன். இதன் படியில் உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வேறு யாருக்கு எழுதுவதென்று தெரியவில்லை.

இதே கட்டடத்தில்தான் நீ வகுப்பு நடத்தினாய். ஆபத்து வந்தால் ஊர்மக்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று அலுவலகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது உன் வேலை. ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்துவந்து, ஆலையில் விபத்து, இவள் அப்பா உள்ளே இருக்கிறார் என்று சொல்லி நடுவில் நிறுத்தினாய். கதைப் புத்தகங்களில் வரும் பெண்களைப்போல அழ எனக்கும் ஆசை. "எங்கப்பா எங்க சார்?" என்று நிஜமாகவே அழுதேன்.

"பாப்பாவுக்கு சீரியல்ல சான்ஸ் கெடைக்கும் மேடம்" என்று எழுத்தர் முருகன் சார் சிரித்தார்.

"சிரிச்சது போதும். பதில் சொல்லுங்க" என்றாய்.

"பயப்படாதம்மா, எல்லாம் கன்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லுவேன்."

"இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். நீ மெதுவாகச் சொன்னாய்: "தெரிஞ்சத சொல்லுங்க. தெரியாதத தெரியலன்னு சொல்லுங்க. மறுபடி எப்ப வருவீங்கன்னு சொல்லிட்டு, அந்த நேரத்துக்கு வாங்க."

இன்று அதே முருகன் சார் கதவை உள்ளே தாழிட்டிருந்தார். ஆலைக்குள் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாய்யா, பூட்டிக்கினு உக்காந்துகினா ஆச்சா? எங்காளு உள்ள கீறாரு" என்று ஒரு பெண் கதவை அறைந்தாள்.

"மேலேர்ந்து உத்தரவு வரலம்மா. நான் வாயக் குடுத்தா மாட்டிக்குவேன்" என்று ஜன்னல் வழியே பதில் வந்தது.

நான் ஜன்னலுக்குப் போனேன். "எங்கப்பா எங்க சார்?"

"பயப்ப..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கதவைத் திறந்து படியில் வந்து நின்றார்.

"வாயு கசிஞ்சிருக்கு. ஆலைப் பக்கம் யாரும் போகாதீங்க. உள்ள இருந்தவங்கள வெளிய கொண்டுவர்றாங்க. யாரு எப்படி இருக்காங்கன்னு எனக்குத் தெரியல. பன்னெண்டு மணிக்கு இங்கயே வருவேன். தெரியலன்னாலும் வந்து தெரியலன்னு சொல்லுவேன்."

கூட்டம் அவரைத் திட்டியது. ஆனால் ஆலையை நோக்கி ஓடக் கிளம்பியவர்கள் நின்றுவிட்டார்கள். சொன்னபடியே வந்தார். மருத்துவமனையில் கண்விழித்தவர்களின் பெயர்களைச் சொன்னார். கதவை அறைந்த பெண்ணின் கணவர் பெயர் இருந்தது. அப்பாவின் பெயர் இல்லை.

"மத்தவங்களப் பத்தி இன்னும் தெரியல. மூணு மணிக்கு வர்றேன்" என்றார். என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு தங்கை போன் செய்தாள். "அப்பா வந்துருவாராக்கா?"

பயப்படாதே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "தெரியல பாப்பா. மூணு மணிக்கு சொல்லுவாங்க. தெரியலன்னாலும் உங்கிட்ட சொல்றேன்."

அவள் கேட்டாள்: "அதுவரைக்கும் நான் இன்னா பண்றது?"

இதற்கு உன் வகுப்பில் பதில் இல்லை, அம்மா. சொல்கிறவர்களுக்குத்தான் நீ பயிற்சி கொடுத்தாய். கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

"போன வெக்காத. பேச வேணாம். நானும் வெக்கல" என்றேன்.

இதை எழுதும்போதும் போன் காதில்தான் இருக்கிறது. அவள் மூச்சு கேட்கிறது.