வள்ளி குறித்த விடைகள்

1982 ஜூலை 9, வெள்ளி. தென்காசி.

ராஜினாமா எழுதக் காகிதம் தேடும்போது பெட்டியில் ஒரு பழைய வார இதழ் கிடைத்தது. அதில் ‘உங்கள் குணத்துக்கேற்ற வேலை எது?’ என்று ஒரு கேள்விப் பட்டியல். கல்லூரித் தோழி வள்ளிதான் எனக்காக விடை குறித்திருந்தாள். அன்று ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கடையோரம் உட்கார்ந்திருந்தோம். பலன், ஆசிரியை.

“கூட்டத்துல பேசுவேன்னு போட்டிருக்கியே, பாவி!” என்று சண்டைக்குப் போனேன்.

“எங்கிட்ட வாய் மூடாம பேசுதல்லாட்டி? அதைப் பாத்துதான் போட்டேன்.”

அவள் இப்போது பம்பாயில் குடித்தனம் செய்கிறாள். நான் ஒரு மாதமாக வகுப்பில் நாற்பது பெண்கள் முன்னால் நாக்கு ஒட்டிப்போய் நிற்கிறேன். வள்ளி தப்பாகக் குறிக்கவில்லை. ஒருத்தியிடம் என்றால் எனக்குப் பேச்சு வரும்.

ராஜினாமா எழுதவில்லை. திங்கட்கிழமை, சன்னலோரம் உட்காரும் சுருட்டைமுடிக்காரியை மட்டும் பார்த்துப் பாடம் நடத்திப் பார்க்கிறேன். அவள் அன்றைக்கு லீவு போடாமல் வர வேண்டும்.