ஹாவும் ஹோவும்

பல்லேபொல,
பெப்ரவரி 9

மச்சான் தர்மா,

நீயும் அருந்ததியும் சுகம்தானே. வட்ஸ்அப்பில் கேள்வி கேட்டால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால் முத்திரை ஒட்டியிருக்கிறேன்.

பாராளுமன்றத்துக்கு வரப்போகும் மிளகு நோய்த் தடுப்புச் சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியை ஜிப்ரி கொண்டுவந்தான். மொழிபெயர்ப்பாளர் பெயர் போடவில்லை. ஆனால் அந்தக் கமாக்கள் உன்னுடையவை. பள்ளிக்கூடத்திலும் நீ தேவைக்கு மேல்தான் போடுவாய்.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒன்பதாம் பிரிவை ஊராருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்: ‘நோயுற்றதும், உரியவருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதுமான கொடியை அதிகாரி வெட்டி எரிக்கலாம்.’ நோயும் வேண்டும், அறிவித்தலும் வேண்டும். நியாயம்தானே? றிஷாத் லோயர் இதற்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மனுப் போடவேண்டுமென்று கையெழுத்துக்கு அலைகிறார். “நானும் போடவா தம்பி?” என்று அபீபா ராத்தா கேட்டார். கணவர் மௌத்தான பிறகு ராத்தாவுக்கு அந்த மிளகுதானே எல்லாம். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்தக் கிழமையோடு கெடு முடிகிறது.

அன்புடன்,
ஸஹாப்

~

கொழும்பு,
பெப்ரவரி 12

அன்புள்ள ஸஹாப்,

நீ வாசித்தது சரி. தமிழில் அப்படித்தான் இருக்கிறது. கமாக்களுக்கு வருந்துகிறேன்.

அதற்கு மேல் எழுத எனக்கு அனுமதியில்லை. குழுநிலையில் பிரிவு பிரிவாக எடுத்து, மொழிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வாசிப்பதற்கென்றே நாடு இருநூற்றிருபத்தைந்து பேரை வைத்திருக்கிறது. ஒருவராவது வாசிப்பார்.

ராத்தாவைக் கவலைப்பட வேண்டாமென்று சொல்.

உன்,
தர்மா

~

பல்லேபொல,
ஏப்ரல் 27

தர்மா,

சட்டம் நிறைவேறி, செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். ராத்தாவின் படலையில் அறிவித்தலை ஒட்டினார்கள். பசை காயுமுன் வெட்டத் தொடங்கினார்கள். ஓர் இலைகூடப் பழுக்காத கொடிகள். இந்த வட்டாரத்துக்கு இத்தனை கொடி என்று இலக்காம்.

உன் தமிழ்ப் பிரதியை நீட்டினேன். அதிகாரி மரியாதையான மனிதர். சிங்களப் பிரதியைத் திறந்து விரல் வைத்தார். “இங்க ‘உம்’ சொல்ற ‘ஹா’ இல்ல முதலாளி, ‘ஹோ’. நோயுற்றது, அல்லது அறிவித்தல் கொடுத்தது. ஒண்ணு இருந்தா போதும்.” பிறகு கடைசிப் பிரிவையும் காட்டினார்: முரண்பாடு வந்தால் சிங்கள உரையே செல்லும்.

கொடிகள் எரியும்போது ராத்தா பக்கத்தில் நின்று பச்சை மிளகை உருவிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கொப்புளம்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

ஸஹாப்தீன்

~

கொழும்பு,
மே 3

அன்புள்ள ஸஹாப்,

தெரியும்.

இவ்வளவு மடத்தனமாக யாரும் சட்டம் எழுதமாட்டார்கள், ‘ஹா’வுக்கு ஒரு கொம்பு கூடிவிட்டது என்று நினைத்தேன். மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால் தமிழில் சரியானதை எழுதினேன். இரண்டும் முட்டுவதை யாராவது கண்டு கேட்பார்கள், சிங்களத்தைத் திருத்துவார்கள் என்று நம்பினேன்.

சட்டமூலம் வந்த அன்று சபையில் ஓர் உறுப்பினர் இன்னொருவரை எருமை என்றுவிட்டார். அந்தச் சொல்லைப் பதிவிலிருந்து நீக்குவதா என்று இரண்டரை மணி நேரம் விவாதம். எருமை ஏசலா, விலங்கின் பெயரா என்று மிக நுணுக்கமாக ஆராய்ந்து, கடைசியில் நீக்கினார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவு கவனம் கொடுத்து நான் பார்த்ததில்லை. பிறகு எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தது. மிச்சமிருந்த பதினொரு நிமிடத்தில் உங்கள் சட்டமூலம். இருபத்துமூன்று பிரிவுகளும் ஒரே மூச்சில் நிறைவேறின. தமிழ்ப் பிரதிகள் கட்டிய நூல் அவிழ்க்கப்படாமலே திரும்பி வந்தன.

உன் முதல் கடிதத்துக்கே உண்மையை எழுதியிருக்கலாம். வேலைக்குப் பயந்தேன். அதைவிட, நான் திருத்தியது சரி என்ற கர்வம் இருந்தது. ராத்தாவிடமும் உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தர்மா

~

பல்லேபொல,
மே 19

திரு. தர்மராஜா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். “எருமையை என்ன செஞ்சாங்க?” என்று கேட்டார். நீக்கிவிட்டார்களாம் என்றேன்.

என் பேச்சைக் கேட்டு மனுவில் கையெழுத்திடாதவை பதினேழு வீடுகள். இப்போது ஜும்ஆ முடிந்ததும் நான் பின்வாசலால் போகிறேன்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் நன்றாகத்தான் இருக்கிறது. இனி எழுதுவதானால் சிங்களத்தில் எழுதுங்கள். முரண்பாடு வந்தால் அதுதான் செல்லும்.

இப்படிக்கு,
எம். ஸஹாப்தீன்