நீர்வண்டின் முகவரி

இன்று காலை செங்கல்பட்டில் எங்கள் தெருக் கால்வாயோரம் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். மழை விட்ட மறுநாள் எப்போதும் நடப்பதுதான். அந்த நெடி வீட்டுக்குள் வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது.

மறைமலைநகர் தொழிற்சாலையில் ஆறு நாளும் கார் பாகங்களை அளந்து பார்ப்பது உன் வேலை. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்துப் பக்கம் போவாய். கல் பட்டறைகளின் உளிச் சத்தம் ஓய்கிற இடத்தில் ஒரு பாறை. அதன் மேல் மழைநீர் தேங்கிய குழி, முழங்கால் ஆழம்கூட இல்லை. டீ வடிகட்டியால் அள்ளி, வெள்ளை ஐஸ்கிரீம் கப்பில் விட்டுக் காட்டுவாய். எனக்கு எள் மிதப்பதுபோல் இருக்கும்.

"எள்ளு இல்ல மச்சான், வண்டு. ரெண்டு மில்லிமீட்டர் கூட வராது. கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு."

உன் லென்ஸை வாங்கிப் பார்த்தேன். நீள்வட்ட உடல். கருப்புக்கும் பழுப்புக்கும் நடுவிலான மினுமினுப்பு, முதுகில் மங்கிய மஞ்சள் கோடுகள். பின்னங்கால்களில் மயிர் வரிசை. அதைத் துடுப்பாக வீசித்தான் நீந்தும். மூச்சுக்கு மேலே வரும்போது பின்பக்கத்தைத்தான் முதலில் நீட்டும். இறக்கை மூடிக்குள் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கிவிடும். குழி வற்றினால் பறந்துபோய் வேறு தண்ணீர் தேடும் என்றாய்.

எங்கள் பேப்பரில் அதைச் செய்தியாக்கப் போவதாகச் சொன்னேன். "எழுது. பாறை எங்கன்னு மட்டும் போடாத," என்றாய். இடம் இல்லாமல் செய்தியா? முப்பது வருடப் பழக்கம். எந்தத் திருப்பம், எத்தனையாவது பாறை என்பதுவரை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு போனபோது குழியில் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. இரண்டாம் முறை பவுடர் போட வந்தவர் சொன்னார்: "பேப்பர்ல வந்துச்சே சார், தண்ணி நிக்குது, பூச்சி கீதுன்னு. டெங்கு வந்துறப் போவுதுன்னு போடச் சொன்னாங்க. நாங்க இன்னா பண்றது?"

வடிகட்டியில் வந்த எதுவும் அசையவில்லை. நீ திட்டியிருக்கலாம். டீக்கடைக்குக் கூட்டிப்போனாய். "பொய்யா எழுதுன? இல்லியே. அட்ரஸோட எழுதிட்ட. குடி, ஆறிடப் போவுது."

தவறாக வந்த செய்திக்கு மறுநாள் திருத்தம் போடுவோம். அந்தச் செய்தியில் திருத்துவதற்கு ஒரு பிழையும் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க நினைத்த ஒவ்வொரு முறையும் நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

இரண்டு மழைக்காலம் அந்தக் குழியில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் ஃபோன் செய்தாய். "கெடச்சிருச்சி மச்சான். வேற பாறை." எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி போய்விட்டது என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் உன் பைக் வாசலில் நின்றது.

"இன்னா பாத்துகினு கீற? ஏறு."

வழியெல்லாம் எதையெதையோ பேசினாய். எழுதமாட்டேன் என்று ஒரு சத்தியம்கூட வாங்கவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் மழையில், சிறுசேரியில் வேலை பார்க்கும் உன் மகள் என்னைத் தேடி வந்தாள். "அப்பா ஞாயித்துக்கிழமைல எங்க மாமா போவாரு?" அந்த வேறு பாறைக்குக் கூட்டிப்போனேன். குழியருகே குந்தி வெகுநேரம் பார்த்தாள். படமெடுக்க ஃபோனை வெளியே எடுத்தாள். நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க மாமா, லொகேஷன ஆஃப் பண்ணிட்டேன். நான் என்ன ரிப்போர்ட்டரா?"

அப்படியானால் நான் அட்ரஸோடு எழுதியதை வீட்டில் சொல்லியிருக்கிறாய். அவள் சிரித்த விதத்தைப் பார்த்தால், நீயும் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான் இப்போது பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.