வெட்டிய ஓரம்

மார்ச் 4

அன்புள்ள சித்தி,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறீர்களா?

ஆவணக்காப்பக வேலை பிடித்திருக்கிறது. பழைய பத்திரிகைப் படங்களை ஸ்கேன் செய்து, யார், எங்கே, என்ன நடக்கிறது என்று சொற்கள் சேர்க்கிறேன். இணையத்தில் யார் அந்தச் சொல்லைத் தேடினாலும் படம் வந்து நிற்கும். நேற்று, உங்கள் சின்ன வயதில் வந்த அந்தப் பெருவெள்ளத்தின்போது எடுத்த படம் ஒன்று கிடைத்தது. முகாமில் சாப்பாட்டு வரிசை. அழுதுகொண்டே முறைக்கும் ஒரு சிறுமி. அந்த முறைப்பை எனக்குத் தெரியாதா? உடனே, ‘பசி’ என்ற சொல்லோடு உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டேன். பிரதி இத்துடன்.

உங்கள் குட்டி

மார்ச் 15

அன்புக் குட்டிக்கு,

படம் கிடைத்தது.

நான் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. இனி பிள்ளைகள் என் பெயரைத் தேடினால், மூக்கொழுகத் தட்டேந்தி நிற்கிற நான் வருவேன். கூடவே நீ எழுதிய ‘பசி’ என்ற சொல்லும் வரும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்குத் தோன்றவில்லையே, அதுதான் வலிக்கிறது. பெயரை எடுத்துவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

சித்தி

மார்ச் 22

அன்புள்ள சித்தி,

கடிதம் படித்த கையோடு பெயரை எடுத்துவிட்டேன். தெரியாத முகங்களோடு பழகிப் பழகி, தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. மன்னித்துவிடுங்கள். தட்டையும் கண்ணீரையும் பார்த்து, ‘பசி’ என்று நானாக முடிவு கட்டினேன். அது தவறென்றால் சொல்லுங்கள், மாற்றுகிறேன். சொல்ல மனமில்லையென்றால் ‘சிறுமி’ என்று மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தேன். முழுப் படத்தில், பின்னாலிருந்து ஒருத்தி உங்கள் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறாள். முகம் பாதிதான் தெரிகிறது, அதுவும் கலங்கலாக. யார் அது? முழுப் பிரதியை அனுப்புகிறேன்.

குட்டி

ஏப்ரல் 2

என் கண்ணே,

அது உன் அம்மா.

பசியாவது ஒன்றாவது. அன்று ரொட்டியும் ஜாமும் கொடுத்தார்கள். வாங்கித் தின்று முடித்ததும் உன் அம்மா, “இன்னொரு தடவை போய் நில்லுடி. உன் மூஞ்சி யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?” என்று என்னைத் தள்ளினாள். மாட்டேன் என்று அழுதேன். அதைத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். ரொட்டி கொடுத்தவருக்கு ஞாபகம் இருந்தது. “இப்பத்தானே வாங்கிட்டுப் போனே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தால் உன் அம்மாவைக் காணோம். வாய் வலிக்க வலிக்க உனக்கு நேர்மையைப் பற்றிப் பாடம் எடுத்தாளே, அவளேதான்.

வீட்டிலிருந்த படங்களையெல்லாம் அந்த வெள்ளம் கொண்டுபோயிற்று. அவள் இறந்தபிறகு, சின்ன வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று உனக்குக் காட்ட ஒன்றுகூட இல்லையே என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். நீ வெட்டிப்போட்ட இடத்தில் நின்றிருக்கிறாள், பார்.

முழுப் படத்தையே போடு. அவள் பெயரையும் சேர். ‘பசி’யை எடுத்துவிட்டு என்ன எழுதுவது என்று நீயே யோசி, ‘திருட்டு’ என்று எழுதினால் உதை விழும்.

அன்று அவள் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடியவள்தான். எனக்கு அவளை அப்படித் தனியாக விட மனசு வராது. அவள் பெயருக்குப் பக்கத்திலேயே என் பெயரையும் போட்டுவிடு.

உன் சித்தி